லீடர் எவ்வளவு நீளம் கட்டலாம்: கரைக்கு ஒரு கணக்கு, படகுக்கு வேறு கணக்கு

தூண்டில் சாமான் கடையில் லீடர், அதாவது ரீல் நரம்பின் முனையில் சேர்த்துக் கட்டும் நரம்பு, கேட்டால் எத்தனை பவுண்டு பலம் என்று உடனே கேட்பார்கள், எவ்வளவு நீளம் கட்டப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பழகினவர்களிடம் கேட்டாலும் "ஒரு பாகம் விடுங்க, போதும்" என்பதுதான் வழக்கமான பதில். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் அந்த ஒரு பாகம், படகில் நின்று பாறை மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறவருக்கு அநேகமாகச் சரியாக இருக்கும். அதே ஒரு பாகத்தைக் கட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கரையில் நின்று 120 கிராம் ஈயத்தை முழு பலத்தோடு வீசினால் ரீலில் இருக்கும் பின்னல் நரம்பான பிரெய்டு பட்டென்று அறுந்து ஈயம் மட்டும் தனியாகப் பறக்கும், அந்தப் பக்கம் ஆள் நின்றால் அவர் மேலேயே போய் விழும்.

இப்போது பெரும்பாலானோர் ரீலில் சுற்றியிருப்பது பிரெய்டுதான். மெலிசு, பலம் அதிகம், இழுபடாது, தூரம் போகும், எல்லாம் சரி. ஆனால் கல்லில் ஒரு தடவை உரசினால் போச்சு, திடீரென்று ஒரு குலுக்கல் வந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் நெகிழ்வும் அதில் இல்லை. அந்த அடியெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் முன்னால் மோனோவோ (சாதாரண நைலான் ஒற்றை நரம்பு) ஃப்ளூரோகார்பனோ (அதைவிடக் கனமான ஒற்றை நரம்பு) லீடராகக் கட்டுகிறோம். கரையில் அந்த அடி விழுவது வீசும் நொடியிலும் கடைசி அலையிலும். படகில் அது விழுவது கீழே பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு, பக்கத்திலும், மீன் படகோரம் வந்த பிறகும். அந்த நேரத்தில் பிரெய்டையும் லீடரையும் சேர்க்கிற முடிச்சு எங்கே இருக்கணும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், நீளம் அதிலிருந்து தானாக வந்துவிடும். மீட்டர் கணக்கை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை, ராடு மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

முள்ளில் கட்டும் சின்னத் துண்டையும் சிலர் லீடர் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. அதை முள் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். லீடர் என்று நான் இங்கே சொல்வது பிரெய்டு முடியும் இடத்திலிருந்து ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) அல்லது லூர் வரைக்கும் உள்ள நரம்பை.

கரையில் ஈயம் போட்டு வீசும்போது

நம் கிழக்குக் கடற்கரை சாதுவான கரை இல்லை. பல இடங்களில் கரை சரிவாக இறங்கும், அலை கரைக்குப் பக்கத்திலேயே உடையும், கரையோர நீரோட்டமும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் வடக்கே இழுக்கும், வாடைக் காலத்தில் தெற்கே. 40, 50 கிராம் ஈயம் அதில் நிற்காது, உருண்டு உருண்டு பக்கத்து ஆள் தூண்டிலில் போய்ச் சிக்கும். அதனால்தான் 100 முதல் 150 கிராம் வரை, மண்ணில் பிடித்துக்கொள்ள கம்பி வைத்த ஈயமாகப் போட வேண்டியிருக்கிறது. அவ்வளவு கனத்தை 12, 13 அடி ராடால் வீசும்போது, ஈயம் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நரம்பின் மேல் விழும் இழுப்பு ஈயத்தின் எடையைப் போலப் பல மடங்கு. 20 பவுண்டு பிரெய்டு அதற்கு ஈடுகொடுக்காது.

பலம் எவ்வளவு என்பதற்கு உலகம் முழுக்கக் கரைத் தூண்டில்காரர்கள் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு லீடர். 85 கிராம் என்றால் 30 பவுண்டு, 113 கிராமுக்கு 40, 140 கிராமுக்கு 50, 170 கிராமுக்கு 60. இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். மெலிசாகக் கட்டினால் பத்து மீட்டர் கூடுதலாகப் போகலாம், ஆனால் அறுந்து போகும் ஈயம் சாயங்காலம் கூட்டமாக இருக்கும் கடற்கரையில் ஒருவர் மண்டையைப் பிளந்துவிடும்.

சரி, நீளம். வீசும்போது முழு இழுப்பும் லீடர் மேல் இருக்கணும் என்றால், உங்கள் விரல் பிடித்திருக்கும் இடத்திலேயே நரம்பு லீடராக இருக்க வேண்டும், அதாவது முடிச்சு ரீலுக்குள் இருக்க வேண்டும். சும்மா உள்ளே எட்டிப் பார்த்தால் போதாது, ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் ஐந்தாறு சுற்று லீடர் இருக்கணும், அப்போதுதான் இழுப்பு அந்தச் சுற்றுகளிலேயே தேய்ந்து போய் முடிச்சுக்கு வராது. ஆக நீளம் என்பது, வீசும் நேரத்தில் ராடு நுனியிலிருந்து ஈயம் தொங்கும் அளவு, கூடவே நுனியிலிருந்து ரீல் வரைக்கும் உள்ள தூரம், அதோடு அந்த ஆறு சுற்று.

13 அடி ராடு ஒன்றைப் பாருங்கள். நுனியிலிருந்து ரீல் வரை சுமார் 3 மீட்டர் வரும். ஈயத்தை ஒன்றரை மீட்டர் தொங்கவிட்டு வீசுகிறீர்கள். பெரிய ரீலில் ஸ்பூலின் ஒரு சுற்று ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், ஆறு சுற்றுக்கு 1.2 மீட்டர். மொத்தம் 5.7. தேய்ந்த நுனியை அவ்வப்போது வெட்டிக் கட்ட ஒரு மீட்டர் கூடுதலாக விட்டால் ஆறே முக்கால், ஏழு மீட்டர், நம் கணக்கில் நாலு பாகம். 10 அடி ராடு வைத்திருப்பவருக்கு இதே கணக்கு ஐந்தரை, ஆறு மீட்டரில் முடிந்துவிடும்.

டேப் எல்லாம் தேவையில்லை. லீடர் சுருளிலிருந்து தாராளமாக எட்டு மீட்டர் உருவிக்கொண்டு பிரெய்டோடு கட்டுங்கள், ரீல் கைப்பிடியைச் சுற்றி முடிச்சை ஸ்பூலுக்குள் கொண்டுபோய் அதற்கு மேல் ஆறு சுற்று லீடர் ஏற்றுங்கள், மீதியை வளையங்களில் கோத்து நுனி வழியாக வெளியே எடுத்து, வழக்கமாக ஈயம் எவ்வளவு தொங்கவிடுவீர்களோ அவ்வளவு விட்டு, ஒரு அரைப் பாகம் சேர்த்து வெட்டிவிடுங்கள். அளந்தது உங்கள் ராடும் உங்கள் கையும்தான், அதனால் தப்பு வராது.

ஸ்பின்னிங் ரீலாக இருந்தால் முடிச்சு ஸ்பூலின் அடிப்பக்கம், அதாவது ரீல் உடம்பை ஒட்டிய பக்கம் விழும்படி பார்த்துச் சுற்றுங்கள். முன்விளிம்புப் பக்கம் விழுந்தால் பின்னால் இருந்து வரும் சுற்றுகள் முடிச்சில் தட்டிக் கொத்தாகக் கிளம்பிவரும், அந்தக் கொத்து முதல் வளையத்தில் போய் மாட்டினால் அந்த வீச்சு அதோடு முடிந்தது. விரலுக்கு ஒரு தோல் உறையோ, குறைந்தபட்சம் பிளாஸ்திரியோ போட்டுக்கொள்ளுங்கள்.

நீளமான லீடரின் இன்னொரு நன்மை மீன் கரைக்கு வரும்போதுதான் தெரியும். திருக்கையோ பெரிய கெளிறோ கடைசி அலை வரைக்கும் வந்துவிட்டு, அலை திரும்பும்போது அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பின்னால் போகும். மீனின் எடையும் திரும்புகிற தண்ணீரின் இழுப்பும் ஒன்றாகச் சேரும் நேரம் அது. நிறைய மீன் அங்கேதான் தப்பிப் போகிறது. அந்த நேரத்தில் ஸ்பூலில் ரெண்டு மூணு சுற்று லீடர் ஏறியிருந்தால் நிதானமாக நிறுத்தி வைத்து, அடுத்த அலை முன்னால் தள்ளும்போது அதோடு சேர்த்து மணலில் ஏற்றிவிடலாம். கையால் நரம்பைப் பிடித்து இழுக்கும்போதும் பிரெய்டைவிட 50 பவுண்டு மோனோ எவ்வளவோ தேவலை.

கரையில் இந்த வேலைக்கு ஃப்ளூரோகார்பன் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இங்கே தேவைப்படுவது கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் குணம், அது சாதாரண நல்ல மோனோவில் அதிகம். நுரைத்துக் கலங்கிய தண்ணீரில் மீன் லீடரைப் பார்த்து ஒதுங்கப் போவதுமில்லை. முள் கண்ணியைக் குட்டையாக, 20 முதல் 40 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், தூர வீச்சில் நீளக் கண்ணி காற்றில் சுழன்று லீடரைச் சுற்றிக்கொள்ளும். கிழங்கான் மாதிரி சின்ன வாய் மீனுக்கு பக்கத்தில் மெதுவாகப் போடும்போது மட்டும் மெலிசான கண்ணியை அரை மீட்டர் வரை விடலாம்.

கரையில் லூர் வீசும்போது

இங்கே கதை தலைகீழ். 30, 40 கிராம் லூரை 9, 10 அடி ராடால் நாள் பூரா வீசிக்கொண்டே இருப்பீர்கள். அந்தக் கனத்துக்கு 30 பவுண்டு பிரெய்டே தாங்கும், வீச்சுக்காக லீடர் தேவையில்லை. பல்லுக்கும் செதிலுக்கும் கல்லுக்கும்தான் லீடர். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் போதும். லூரை வீசத் தொங்கவிடும் அளவுக்குச் சமமாக, முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும்படி வைத்தால் வளையத்தில் தட்டும் பிரச்சினையே கிடையாது. முடிச்சு வெளியே இருக்கலாம் அல்லது ஸ்பூலுக்குள் இருக்கலாம், ரெண்டுக்கும் நடுவில், வளையங்களுக்கிடையே முடிச்சு நின்று அங்கிருந்து ஒவ்வொரு வீச்சிலும் கிளம்புவதுதான் தொல்லை. மூணு நாலு மணி நேரத்தில் முடிச்சு பிசிறு தட்டிவிடும்.

இதற்கு விலக்கு தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகள். சென்னையின் வடக்கே காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தொடங்கி தெற்கே குமரி வரை கல் போட்ட வளைவுகள் நிறைய வந்துவிட்டன. அந்தக் கல்லிடுக்குகளில்தான் செப்பிலியும் களவாவும் குடியிருக்கும், பாறை மீனும் அங்கேதான் இரை விரட்டி வரும். கல்லெல்லாம் கொட்டலசும் சிப்பியும் ஒட்டி பிளேடு மாதிரி இருக்கும். நீங்கள் தண்ணீர் மட்டத்திலிருந்து ரெண்டு மூணு மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள், மீன் கல்லுக்கு அடியில் நுழையப் பார்க்கும். இங்கே ஒரு மீட்டர் லீடர் என்பது கட்டாததற்குச் சமம். 50, 60 பவுண்டில் நாலு, நாலரை மீட்டர் கட்டி, முடிச்சை ரீலுக்குள்ளேயே ஏற்றிவிடுங்கள். தடிமன் கூடாத முடிச்சாக அது இருக்கணும், அதற்கு எஃப்ஜி முடிச்சைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

எஃப்ஜி முடிச்சில் லீடர் மடங்குவதில்லை. பிரெய்டு மட்டும் லீடரின் மேல் மாறி மாறிக் குறுக்காக இருபது தடவை போலப் பின்னி ஏறுகிறது, அதனால் முடிச்சின் தடிமன் லீடரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எச்சில் தொட்டு ஈரமாக்கி, ரெண்டு பக்கமும் கையுறை போட்டு இறுக்கி இழுக்கும்போது பிரெய்டின் நிறம் கறுத்து, லீடருக்குள் அழுந்தி உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். நிறம் மாறவில்லை என்றால் இன்னும் இறுகவில்லை, அதோடு கடலுக்குப் போனால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் லீடரின் துண்டை முடிச்சோடு ஒட்ட வெட்டணும், ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் வளையத்தில் தட்டும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கை பழகும் வரை கட்டிப் பாருங்கள். காற்றடிக்கும் கரையில் நின்று முதல் தடவை கட்டக் கற்றுக்கொள்ள முடியாது.

படகில்

படகில் ராடு குட்டை, ஆறு ஏழு அடிதான். தூரம் வீசும் வேலையும் பெரும்பாலும் இல்லை. இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது, மீன் படகோரம் வந்தபிறகு என்ன நடக்கும் என்பதை.

தூத்துக்குடியிலோ கன்னியாகுமரியிலோ ஃபைபர் படகில் பாருக்கு மேலே நின்று ஜிக் (கனமான உலோக லூர்) இறக்குவதை எடுத்துக்கொள்வோம். களவா கடித்ததும் செய்யும் முதல் வேலை கீழே பொந்துக்குள் நுழைவது. பிரெய்டு பாரில் உரசக் கூடாது என்றால் ஜிக்குக்கு மேலே நாலைந்து மீட்டர் லீடர் இருக்கணும். ஜிக் செங்குத்தாக இறங்குவதால் முடிச்சு வேகமாக வளையங்களில் அடித்துக்கொண்டு போகாது, அதனால் நீளம் இங்கே பாரமில்லை. மேலே வந்த பிறகு பாருங்கள்: நுனியிலிருந்து ரீல் வரை ஒன்றேகால், ஒன்றரை மீட்டர், நுனியிலிருந்து மீன் ஒரு மீட்டர் தள்ளி. நாலு மீட்டர் லீடர் என்றால் மீதி ஒன்றரை மீட்டர் ஸ்பூலில் ஏறிவிடும். படகைப் பார்த்ததும் மீன் கடைசியாக ஒரு தடவை கீழே முட்டும், அந்த முட்டலை முழு லீடரும் தாங்கும். பக்கத்தில் இருப்பவர் லீடரைப் பிடித்துத் தூக்கவும் கொக்கி போடவும் பிடி கிடைக்கும். நான் இந்த வேலைக்கு நாலு மீட்டருக்குக் குறைவாகக் கட்டுவதே இல்லை. 40 முதல் 80 பவுண்டு ஃப்ளூரோகார்பன். தண்ணீரைவிட நல்ல கனம், அமிழும், உரசலை மோனோவைவிடத் தாங்கும். தண்ணீருக்குள் அது மோனோவைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படும். இங்கே காசு செலவு செய்யலாம்.

லீடரைப் பிடிக்கிறவர் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கையுறை போட்டு, திரும்பினால் உடனே விட்டுவிடும்படி பிடிக்கணும். 20 கிலோ மீன் திடீரென்று கீழே போனால் சுற்றிய கை அதோடு போகும்.

பாப்பர் (தண்ணீர் மேலே சத்தமிட்டு வரும் லூர்) வீசிப் பெரிய பாறை மீனைத் தேடுபவர்களுக்கு 100 பவுண்டுக்கு மேல் லீடர், தடிமன் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும். இவ்வளவு தடித்த நரம்பை ரீலில் ஏற்றினால் வீச்சு கெடும். ஒன்றரை முதல் ரெண்டு மீட்டர் கட்டி, முடிச்சு வெளியில் நிற்கும்படி வைப்பது வசதி. ஆழமில்லாத பாரின் மேல் வீசினால் மட்டும் மூணு மீட்டருக்கு மேல் போய், முடிச்சை ரீலுக்குள் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு, அங்கே வீச்சைவிட உரசல்தான் பயம். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடவே கூடாது, படகுக்காரர் சொன்னாலும் போகாதீர்கள்.

வஞ்சரத்துக்கு லூரை இழுத்துக்கொண்டு போகும் தூண்டிலில் ஒரு விஷயம் கவனிக்கணும். லீடரை ஸ்விவலில் கட்டியிருந்தால் ஸ்விவல் நுனி வளையத்தில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் சுற்ற முடியாது. அப்போது லீடர் ராடைவிட நீளமாக இருந்தால் மீன் படகிலிருந்து எட்டாத தூரத்தில் நின்று தண்ணீரில் அடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் ராடைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போய் இன்ஜின் மேல் முட்டுவீர்கள். ஸ்விவல் வைத்தால் லீடர் ராடு நீளத்துக்குள், அதாவது ரெண்டு மீட்டருக்குள். நீளம் வேண்டும் என்றால் ஸ்விவலைத் தூக்கிவிட்டு, வளையத்துக்குள் நுழையும் முடிச்சாகப் போட்டு ஐந்து முதல் எட்டு மீட்டர் வரை போகலாம். சாதனைப் பதிவுக்கு மீன் அனுப்பும் எண்ணம் இருந்தால் ஐஜிஎஃப்ஏ (சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம்) விதி: கடலில் 10 கிலோ வரையிலான நரம்பு வகைக்கு லீடர் 4.57 மீட்டருக்குள், அதற்கு மேற்பட்ட வகைக்கு 9.14 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படி எண்ணம் இல்லாதவர்களுக்கு இந்த எண்கள் தேவையில்லை.

வஞ்சரம், ஷீலா ரெண்டுக்கும் பல் கத்தரிக்கோல். எத்தனை மீட்டர் நரம்பு லீடர் கட்டினாலும் கடிக்கிற இடம் லூருக்குப் பக்கத்தில் ஒரு சாண்தான், அங்கே கம்பி இருந்தால் தப்பிக்கும். 15 முதல் 30 சென்டிமீட்டர் கம்பி போதும். அதற்கு மேல் நீட்டினால் லூரின் ஆட்டம் செத்துவிடும், தெளிந்த தண்ணீரில் வஞ்சரம் அதைக் கவனித்து ஒதுங்கவும் செய்யும்.

படகில் ஈயம் போட்டு இரை வைத்துக் காத்திருக்கும்போது கண்ணி நீளத்தை நீவாடு (நீரோட்டம்) முடிவு செய்யட்டும். நீவாடு பலமாக இருந்தால் அரை மீட்டருக்குள், அப்போதுதான் இறக்கும்போது சிக்காது. நீவாடு மெதுவாக, தண்ணீர் தெளிந்திருக்கும்போது ஒன்றரை மீட்டர் வரை விட்டால் இரை இயல்பாக மிதந்து அலையும், சந்தேகப் பேர்வழி மீனும் வாய் வைக்கும்.

தேய்மானம்

எந்த லீடரானாலும் ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு சிக்கலுக்கும் பிறகு கடைசி அரை மீட்டரை விரல் நகத்துக்கிடையே வைத்து இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இப்படி வெட்ட வெட்ட லீடர் குட்டையாகும். கரை ராடில் ஸ்பூலில் நாலு சுற்றுக்குக் கீழே போய்விட்டால், அல்லது ஜிக் ராடில் மூணு மீட்டருக்குக் கீழே போய்விட்டால், யோசிக்காமல் புதுசு கட்டிவிடுங்கள்.

வெட்டின துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறி வருகின்றன, நாம் இரவில் தூண்டில் போடும் அதே மணல்தான். 50 பவுண்டு மோனோ அங்கே கிடந்தால் மட்காது, ஆமையின் துடுப்பில் சுற்றினால் அதால் அறுத்துக்கொள்ளவும் முடியாது. கல் அதிகமுள்ள இடத்தில் ஈயத்தை மட்டும் லீடரைவிட மெலிசான, 15 பவுண்டு நரம்புத் துண்டில் தொங்கவிட்டால், ஈயம் சிக்கினாலும் அது மட்டும் அறுந்து மீதி எல்லாம் திரும்பிவரும், பாரில் மீட்டர் கணக்கில் நரம்பு விட்டுவர வேண்டாம். ஆனால் பலமாக வீசும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், வீசும்போதே அது அறுந்துவிடும்.

ஒரே ரீல் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கரைக்கும் எப்போதாவது படகுக்கும் போகிறவராக இருந்தால், கூடுதலாக ஒரு ஸ்பூல் வாங்கி வையுங்கள். ஒன்றில் நாலு பாகம் 50 பவுண்டு மோனோ, மற்றதில் ரெண்டேகால் பாகம் ஃப்ளூரோகார்பன், ரெண்டையும் வீட்டிலேயே எஃப்ஜி போட்டுக் கட்டி, எது எதற்கு என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் கிளம்பும்போது ஸ்பூலை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம்.